துண்டு எழுதும் கையும் கத்தி பிடிக்கும் கையும்



ஒரு குடும்ப வைத்தியர் தன்னிடம் வந்த நோயாளியை எந்தக் கட்டத்தில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்ப வேண்டும்? இதைச் சொல்லும் வழிகாட்டிகள் உலகெங்கும் எழுதப்பட்டிருக்கின்றன. நம் இலங்கையிலும் உண்டு. பல வைத்தியர்கள் அவற்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. ஏன் அப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. வைத்தியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதியைப் பொதுச்சபையில் ஏன் எடுக்கிறீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிபுணரிடம் காட்டச் சொல்லி வைத்தியர் எழுதும் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் நீங்கள். அதைத் தொலைக்கிறவர்களும், வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று கூரையில் செருகி வைக்கிறவர்களும் நீங்கள்தான். ஆகவே உங்களை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் நம் ஏற்பாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1948ல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய காலம் முதல், அவசர நிலை தவிர, குடும்ப வைத்தியரின் கடிதத்தோடுதான் நிபுணரிடம் போகும் வழக்கம். இங்கே அந்தக் கட்டுப்பாடு இல்லை. மண்டூரில் இருப்பவர் தன் ஊர் வைத்தியசாலையை விட்டு, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையையும் விட்டு, நேரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் வந்து நம்பர் எடுக்கலாம். காசிருந்தால் நிபுணரையே சனல் பண்ணலாம். இந்தச் சுதந்திரம் இலவச மருத்துவம் நமக்குத் தந்த செல்வம். அதை யாரும் பறிக்கக் கூடாது என்று நினைப்பவன் நான். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. நிபுணரைத் தேடி வருகிற வரிசையில் அவரைப் பார்க்கத் தேவையில்லாதவர் பலர் நிற்க, உண்மையில் அவசரமாகப் பார்க்க வேண்டியவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே ஒரு வீட்டுத் திண்ணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

2018ல் சுகாதார அமைச்சு ஒரு கொள்கையை வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப வைத்தியர், சிறிய வைத்தியசாலைகள் பல சேர்ந்து நிபுணர்கள் உள்ள ஒரு பெரிய வைத்தியசாலையோடு கொத்தாக இணைவது என்பது அதன் சாரம். அது முழுமையாக நடைமுறைக்கு வருமானால், மகிழடித்தீவிலும் பழுகாமத்திலும் கரடியனாற்றிலும் வாகரையிலும் இருக்கிற வைத்தியர் எழுதும் துண்டு இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கனமானதாகும். குடும்ப வைத்தியர் என்று நான் சொல்வது இவர்களைத்தான். பின்னேரம் டிஸ்பென்சரி நடத்துகிறவர்களையும் சேர்த்து. இலங்கைப் பொது வைத்தியர்கள் கல்லூரி 1974ல் தொடங்கப்பட்டது. குடும்ப மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் இருக்கிறது. ஆனாலும் நம் சிறிய வைத்தியசாலைகளில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தனிப்பயிற்சி பெறாமல், வேலையிலேயே கற்றுக்கொண்டவர்கள்.

வழிகாட்டி எதற்கு, அனுபவம் போதாதா என்று மூத்த வைத்தியர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1934ல் அமெரிக்கச் சிறுவர் சுகாதாரச் சங்கம் நியூயோர்க் நகரப் பாடசாலைகளில் 1000 பிள்ளைகளைப் பார்த்தது. அவர்களில் 611 பேருக்குத் தொண்டைச் சதை, அதாவது டொன்சில், ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. மிச்சம் 389 பேரை வைத்தியர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு வெட்ட வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு வைத்தியர்களிடம் காட்டினார்கள். அவர்கள் அதில் 99 பேருக்கு வெட்ட வேண்டும் என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மறுபடியும் காட்ட, 51 பேருக்கு வெட்ட வேண்டும் என்றார்கள். ஆயிரத்தில் 65 பிள்ளைகள்தான் தப்பினார்கள். பார்த்த வைத்தியர்களின் அனுபவத்தையோ நல்லெண்ணத்தையோ நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்று அவர்களிடையே உடன்பாடு இருக்கவில்லை. தன் முன்னால் நிற்கிற பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஏதோ செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். நான்கு ஆண்டு கழித்து, 1938ல், குளோவர் என்ற வைத்தியர் இங்கிலாந்துப் பாடசாலைப் பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஊருக்கு ஊர் பல மடங்கு வித்தியாசம். நோயில் அவ்வளவு வித்தியாசம் இருக்கவில்லை.

1984ல் பாரடைஸ் என்ற அமெரிக்க வைத்தியரின் ஆய்வு வந்த பிறகுதான் இதற்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 தடவை கடுமையான தொண்டை நோவு வந்திருந்தால் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம். எவரும் நினைவில் வைக்கக்கூடிய எண்கள். தாய் கேட்டாலும் சொல்லி விளங்கப்படுத்தலாம். ஒரு நல்ல வழிகாட்டி இப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் நம் வைத்தியர்கள் ஏன் தயங்குகிறார்கள்? 1999ல் கபானா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை வந்த 76 ஆய்வுகளை அலசி, வைத்தியர்கள் வழிகாட்டிகளைப் பின்பற்றாததற்கான காரணங்களைத் தொகுத்தார்கள். வழிகாட்டி இருப்பதே தெரியாமை, தெரிந்தும் அதோடு உடன்படாமை, உடன்பட்டும் தன்னால் முடியாது என்ற நினைப்பு, செய்தாலும் பலன் வராது என்ற சலிப்பு, பழக்கம், நேரமின்மை, வசதியின்மை என்று அது நீளும். நம் ஊரில் இவற்றுக்கு என்ன குரல் என்று சொல்கிறேன்.

"கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு வாகரை றோட்டுத் தெரியுமா?" இது ஒரு குரல். "வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள், நான் தாளைப் புரட்டவா?" இது இன்னொன்று. தனியார் டிஸ்பென்சரி வைத்திருப்பவர் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருப்பது: "அடிக்கடி அனுப்பினால், இவருக்குத் துண்டு எழுத மட்டும்தான் தெரியும் என்று ஊர் பேசும்." இவையெல்லாம் உண்மையான சிரமங்கள். ஆனால் இளம் வைத்தியர்கள் தனியாக இருக்கும்போது சொல்வது வேறு. "அனுப்பினால் அங்கே ஏச்சு விழும், சேர்." நோயாளி பெரிய வைத்தியசாலைக்குப் போகிறார். அங்கே வாட்டில் நிற்கிற இளைஞர் ஒருவர் துண்டை வாசித்துவிட்டு, நோயாளிக்கு முன்னாலேயே, "இதுக்கெல்லாமா அனுப்புறது?" என்கிறார். அந்த வார்த்தை பஸ்ஸில் திரும்பி வந்து சேரும். அடுத்த தடவை அந்த வைத்தியர் அனுப்ப யோசிப்பார். யோசிக்கிற அந்த ஒரு தடவையில் போகக் கூடாதது போய்விடும்.

எல்லாத் தயக்கங்களிலும் இதுவே மிக ஆழமானது என்பது என் எண்ணம். இதற்கு மருந்து வழிகாட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2015ல் புற்றுநோய்ச் சந்தேகத்துக்கான தன் வழிகாட்டியைப் புதுப்பித்தபோது, ஒரு அறிகுறி உள்ளவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 3 என்றாலே அனுப்பலாம் என்று வைத்தது. இதன் பொருளை நன்றாக யோசியுங்கள். நூறு பேரை அனுப்பி 97 பேருக்கு ஒன்றும் இல்லை என்று வந்தால், அனுப்பியவர் தன் கடமையைச் சரியாகச் செய்தார் என்று அந்த நாடு எழுதி வைத்திருக்கிறது. நமக்கு அதே எண் பொருந்தாது. நம்மிடம் அத்தனை ஸ்கான் இல்லை, அத்தனை நிபுணர் இல்லை. ஆனால் ஏதோ ஒரு எண்ணை இருதரப்பும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டால், "இதுக்கெல்லாமா" என்ற வார்த்தைக்கு இடம் இருக்காது. வழிகாட்டி என்றதும் தன்னைக் கட்டுப்படுத்தும் கயிறு என்று நினைக்கிற வைத்தியர்களுக்கு, அது அவர்களைக் காப்பாற்றும் எழுத்து என்பதை இன்னும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இப்போது காலுக்கு வருகிறேன். இந்த வாவிக்கரையில் சத்திரசிகிச்சைக்கு அனுப்புவது பற்றி ஒரே ஒரு விஷயம் பேச நேரம் இருந்தால் நான் காலைத்தான் எடுப்பேன்.

சீனி வருத்தம் நம் நாட்டில் பெருகிய வேகம் உங்களுக்குத் தெரியும். 2008ல் வெளியான நாடளாவிய ஆய்வு வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு என்றது. பிந்திய ஆய்வு ஐந்தில் ஒருவருக்கு மேல் என்கிறது. அந்த ஐந்தில் ஒருவரை நம் வட்டையில் இறக்கிப் பாருங்கள். வெறுங்காலோடு சேற்றில் நிற்கிறார். அல்லது வாவியில் இடுப்பளவு தண்ணீரில் வலை இழுக்கிறார். காலடியில் சிப்பி, மட்டி, மீன்முள். சீனி கூடிக் கூடி நரம்பு செத்த கால். வெட்டினாலும் தெரியாது. மூன்றாம் நாள் மனைவி காலைப் பார்த்துவிட்டுக் கேட்ட பிறகுதான் அவருக்கே தெரியவரும். "நோவே இல்ல டொக்டர், சும்மா ஒரு காயம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். நோவு இல்லை என்பதே அங்கே ஆபத்தின் அடையாளம். நோவில்லாத புண்ணுக்கு ஒருவர் வேலையை விட்டு வருகிறார் என்றால் அது எத்தனை நாள் பழையது என்று கேட்க வேண்டும்.

நைஸ் வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது. நீரிழிவு உள்ளவரின் காலில் புண்ணோ தொற்றோ கண்டால், ஒரு வேலை நாளுக்குள் கால் பராமரிப்புக் குழுவிடம் போக வேண்டும். உறுப்பையோ உயிரையோ அச்சுறுத்தும் நிலை என்றால் அப்போதே. நம் சிறிய வைத்தியசாலைகளில் நடப்பது என்ன? மருந்து கட்டி, மாத்திரை கொடுத்து, "ஒன்றுவிட்டு ஒரு நாள் வாங்க ஐயா" என்கிறோம். வைத்தியரின் மனதில் ஓடுவதை நான் அறிவேன். அனுப்பினால் வாட்டில் வைப்பார்கள், விரலை எடுப்பார்கள், இந்த மனிதர் பயந்து ஓடிப் பரிகாரியிடம் போய்விடுவார், நானே கட்டிப் பார்ப்போம். இரக்கத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் இரக்கத்தில் கழிகிற இரண்டு கிழமை, ஒரு விரலோடு போயிருக்க வேண்டியதை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விடுகிறது. இந்த இடத்தில் வழிகாட்டியைத் தளர்த்த எந்த வைத்தியருக்கும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், உரிமை இல்லை என்று நான் சொல்வேன்.

ஆனால் பிரித்தானிய வழிகாட்டி அறியாத ஒன்றை நம் மண் அறியும். மெலியோய்டோசிஸ் என்ற நோய். இலங்கையில் அது முதன்முதலாக 1927ல் பதிவானது. பிறகு நெடுங்காலம் மறந்தே போனோம். இப்போது மட்டக்களப்பு நோயாளிகளிலும் அது கண்டுபிடிக்கப்படுகிறது. ஈரமான வயல்மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. மாரி மழையோடு கூடிவரும். நீரிழிவு உள்ளவரை அது அதிகம் பிடிக்கும். தோலில் கட்டியாக வரலாம். ஈரலில், மண்ணீரலில், மூட்டில் சீழாக வரலாம். நுரையீரலில் நியூமோனியாவாக வரலாம். சாதாரணக் கட்டி என்று நினைத்துக் கீறிச் சீழை எடுத்துவிட்டு வழக்கமான மாத்திரை கொடுத்தால் அடங்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நாளத்தின் வழியாகக் குறைந்தது இரண்டு கிழமை, அதன்பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலோ வாய்வழி மருந்து. அதற்கு முதலில் அந்தச் சீழ் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். கூடவே இவர் வயலில் நிற்பவர், சீனி உள்ளவர் என்ற இரண்டு தகவலும் துண்டில் இருக்க வேண்டும். லண்டனில் எழுதும் வழிகாட்டியில் இந்த வரி வராது. அவுஸ்திரேலியாவின் வடக்கே டார்வினில் எழுதுகிறவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், ஏனெனில் அந்த மண்ணிலும் இது இருக்கிறது. மட்டக்களப்புக்கு ஒரு வழிகாட்டி எழுதினால் முதல் பக்கத்திலேயே இது இருக்க வேண்டும். அதை எழுதக்கூடியவர், மாரியில் தினமும் இந்த மனிதர்களைப் பார்க்கிற சின்ன வைத்தியசாலை வைத்தியர்தான்.

இதற்கு மறுபக்கம் ஒன்றைக் காட்டுகிறேன். குடலிறக்கம், நாம் ஹேர்னியா என்கிறோமே, அது. 2006ல் ஃபிட்ஸ்கிபன்ஸ் தலைமையில் அமெரிக்காவில் 720 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. கவட்டில் இறக்கம் உண்டு, ஆனால் பெரிய தொல்லை இல்லை என்கிறவர்களில் பாதிப்பேருக்குச் சத்திரசிகிச்சை, பாதிப்பேரை வெறுமனே கவனித்தார்கள். கவனிக்கப்பட்டவர்களில் குடல் சிக்கிக்கொண்ட அவசர நிலை ஆயிரம் பேருக்கு வருடத்துக்கு இரண்டுக்கும் குறைவு. ஆகவே காத்திருப்பது பாதுகாப்பானது என்று வழிகாட்டிகள் எழுதின. நல்ல ஆய்வு, நல்ல முடிவு. ஆனால் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் கடைசியில் சத்திரசிகிச்சைக்கே வந்தார்கள், பெரும்பாலும் நோவு கூடியதால். இப்போது நெல்மூடை தூக்கிப் பிழைக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு அவருக்குக் குடல் சிக்கினால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பது அந்த ஆய்வில் இல்லை. வேலை செய்ய முடியாமல் போனால் வீட்டில் உலை ஏறாது என்பதும் இல்லை. "இவருக்குக் காத்திருப்பு ஆகாது" என்று குடும்ப வைத்தியர் எழுதி அனுப்பினால், நிபுணர் அதை வழிகாட்டி மீறலாகப் பார்க்கக் கூடாது. அந்த மனிதரின் வீடு, தொழில், றோட்டு எல்லாம் தெரிந்த ஒருவரின் தீர்ப்பு அது.

ஸ்கானில் தற்செயலாகத் தெரிகிற பித்தக் கல் இதற்கு நேர் எதிர். வேறு எதற்கோ தனியாரில் ஸ்கான் எடுக்கிறார்கள், கல் தெரிகிறது, வீடே கலங்குகிறது. தொல்லை தராத கல்லுக்குப் பொதுவாகச் சத்திரசிகிச்சை தேவையில்லை. பெரும்பாலானோருக்கு அது வாழ்நாள் முழுதும் சும்மா கிடக்கும். அனுப்பாமல் இருக்க வைத்தியருக்குத் துணிவு வேண்டிய இடம் இது. அந்தத் துணிவுக்குப் பக்கபலமாக ஒரு தாள் இருந்தால், "இதோ பாருங்கம்மா, நிபுணர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று காட்டலாம்.

ஆகவே என் கருத்து இதுதான். நேரம் கொல்லும் இடங்களில் வழிகாட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். நேரம் பொறுக்கும் இடங்களில் குடும்ப வைத்தியரின் கையில் பெரும்பங்கு இருக்க வேண்டும். எல்லா நோய்க்கும் ஒரே குரலில் கட்டளையிடும் வழிகாட்டியை வைத்தியர்கள் ஒதுக்குவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நேரம் கொல்லும் இடத்துக்கு மிகக் கூர்மையான உதாரணம் பையன்களின் விதை முறுக்கிக்கொள்வது. இதைச் சபையில் சொல்லக் கூசுவோம். அந்தக் கூச்சம்தான் பையனையும் வாய் திறக்க விடாமல் வைக்கிறது. பதின்மூன்று பதினான்கு வயது. திடீரென்று வலி. தாயிடம் "வயித்துக் குத்து" என்பான். ஆறு மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒரு நாள் கடந்தால் பெரும்பாலும் இழந்துவிடுவோம். ஸ்கான் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லவோ, காலை வரை பார்ப்போம் என்று வைத்திருக்கவோ கூடாது. அடிவயிற்றுக் குத்து என்று வரும் எந்தப் பையனையும் கீழே பார்க்காமல் அனுப்பக் கூடாது. இங்கே இருக்கும் தாய்மார், ஆசிரியர்கள் இதை மனதில் வையுங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

ஆறு மணி நேரம் என்று கடிகாரத்தில் சொல்வது எளிது. 2015ல் உலகச் சத்திரசிகிச்சை பற்றிய லான்செட் ஆணைக்குழு, அடிப்படைச் சத்திரசிகிச்சை வசதி இரண்டு மணி நேரத்துக்குள் எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது. உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியான சத்திரசிகிச்சை எட்டவில்லை என்றும் கணக்கிட்டது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு கடினமாக வந்தது என்று இங்குள்ள முதியோருக்குத் தெரியும். போர்க்காலத்தில் வாவியே எல்லைக்கோடாக இருந்தது. மேற்கிலிருந்து வருகிற நோயாளி பாதைப் படகேறிச் சோதனைச் சாவடி தாண்ட வேண்டும். பொழுது பட்டால் அதுவும் இல்லை. 2014ல் மண்முனைப் பாலம் திறந்தபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்குக் கிடைத்த மருத்துவ வசதி, எந்தப் புதிய கட்டடத்தாலும் கிடைத்திராது. போர்க்காலத்தில் மேற்கே வேலை செய்த வைத்தியர்கள் வழிகாட்டி பாராமல் தங்கள் கையாலேயே செய்த காரியங்கள் பல. வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கம், நானே பார்த்துக்கொள்வேன் என்ற அந்த மனம், பாலம் வந்த பிறகும் சிலரிடம் நிற்கிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று நிபுணர்கள் புரிந்துகொண்டு பேச வேண்டும்.

அனுப்பினால் மட்டும் போதுமா என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிற நம் வழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களில் முன்னணியில் நிற்கும் நோய். 1980களின் தொடக்கத்தில் வர்ணகுலசூரிய என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஒரு முயற்சி செய்தார்கள். ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, வீடுகளுக்குப் போய் மக்களின் வாயைப் பார்க்க வைத்தார்கள். 1984ல் முடிவு வெளியானது. ஊழியர்கள் சந்தேகமான புண்களைத் திறமையாகக் கண்டுபிடித்தார்கள்; வைத்தியர் வேண்டியதில்லை என்னும் அளவுக்கு. ஆனால் அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்களின் கையில் துண்டு இருந்தது, அவ்வளவுதான். ஒரு நாள் கூலி போகும். போனால் என்ன செய்வார்கள் என்று தெரியாது. நோவும் இல்லை. நாற்பது வருடம் ஆகியும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை: இவை இருந்தால் அனுப்ப வேண்டும் என்று எல்லா வைத்தியருக்கும் தெரியும். அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பது யார் வேலை என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை. மார்பில் கட்டி என்று வருகிற பெண்களுக்கும் இதே கதை. அவர்கள் அநேகமாகக் குடும்ப நலத் தாதியிடம், நாம் மிட்வைஃப் என்று அழைக்கும் அந்தத் தங்கையிடம், முதலில் சொல்வார்கள். அவரை இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு வழிகாட்டி எழுதுவதில் பயன் இல்லை.

அடுத்தது, அனுப்பிய வைத்தியருக்கு நிபுணர் தரும் பதில். நோயாளி சத்திரசிகிச்சை முடிந்து வீடு வருகிறார். கையில் டயக்னோசிஸ் கார்ட். ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில். அவருக்கும் புரியாது, வீட்டாருக்கும் புரியாது. அனுப்பிய வைத்தியருக்கு அது காட்டப்படுமா என்பது நோயாளியின் நினைப்பைப் பொறுத்தது. பல வைத்தியர்கள் தாம் அனுப்பியவருக்கு என்ன நடந்தது என்றே அறியாமல் வருடக் கணக்கில் துண்டு எழுதுகிறார்கள். தன் தீர்ப்புச் சரியா பிழையா என்று தெரியாமல் எவரும் தேற முடியாது. நிபுணர்கள் குடும்ப வைத்தியரின் துண்டில் விவரம் இல்லை என்கிறார்கள். உண்மைதான். பல துண்டுகளில் நோயின் பெயரும் ஒரு கையெழுத்தும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் பதில் வராத கடிதத்தை எவ்வளவு காலம் ஒருவர் விரிவாக எழுதுவார்?

இதைச் சரிசெய்யும் வழிக்கு ஆதாரம் இருக்கிறது. கொக்ரேன் அமைப்பு 2005லும் பின்னர் 2008லும் குடும்ப வைத்தியர்களின் பரிந்துரைகளை மேம்படுத்தும் வழிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டது. இரண்டாவது தொகுப்பில் 17 ஆய்வுகள். வழிகாட்டியை அச்சிட்டு வெறுமனே அனுப்பி வைத்ததால் பயன் கிடைக்கவில்லை. வழிகாட்டியோடு கட்டமைந்த பரிந்துரைப் படிவமும் சேர்த்துக் கொடுத்தபோது, நிபுணர்களே வந்து குடும்ப வைத்தியர்களுடன் உட்கார்ந்து கற்பித்தபோது, பரிந்துரைகளின் தரம் கூடியது. நம் நாட்டில் நாம் இதுவரை செய்து வந்தது பெரும்பாலும் முதலாவது. இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் கற்பிக்கும் ஒரு பீடம் இருக்கிறது. அதன் மாணவர்களில் சிலர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே படித்து இதே மாவட்டத்துக்கு வைத்தியராக வருகிறார்கள். இரண்டாவதைச் செய்வதற்கு நமக்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற குடும்ப வைத்தியர், நல்ல மருத்துவம் எங்கே மிக அதிகம் தேவையோ அங்கேதான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971ல் எழுதினார். நகரத்தில் மட்டும் உட்கார்ந்து எழுதும் வழிகாட்டி இந்த விதியை இன்னும் இறுக்கிவிடும். ஆகவே நான் கேட்பது பெரிய புத்தகம் அல்ல. பக்கம் ஒன்றில் ஒரு நோய். அதை எழுதும் மேசையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், வாகரையிலிருந்தோ மண்டூரிலிருந்தோ ஒரு வைத்தியர், ஒரு குடும்ப நலத் தாதி, கால் ஒன்றை இழந்த நோயாளி ஒருவர். மேலே நோயாளியின் தொழில், சீனி உண்டா, போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்ற மூன்று கேள்வி. நடுவே எப்போது அப்போதே, எப்போது ஒரு நாளுக்குள், எப்போது காத்திருக்கலாம் என்ற அளவு. அடியில் நிபுணர் பதில் எழுத இடம். அதில் இரண்டு வரி தமிழில், நோயாளி தானே வாசிக்கும்படி. குறித்த நாளில் அவர் வரவில்லை என்றால் பெரிய வைத்தியசாலையிலிருந்து சின்ன வைத்தியசாலைக்கு ஒரு ரெலிபோன்.

தொடங்குவது கால் புண்ணிலிருந்து. வாய்ப்புண்ணும் மார்புக் கட்டியும் அடுத்த வருடம் எழுதலாம். கால் பக்கத்தை மட்டும் இந்த மாரி இறங்குமுன், மக்கள் சேற்றில் கால் வைக்குமுன், எழுதி முடித்து மாவட்டத்தின் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இங்கே முன்வரிசையில் சத்திரசிகிச்சை நிபுணர்கள் சிலரும் படுவான்கரை வைத்தியர்கள் சிலரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறீர்கள். கூட்டம் கலைந்ததும் போய்விடாதீர்கள். நாளைக் குறித்துவிட்டுப் போங்கள். அந்த மேசைக்கு நானும் வருகிறேன்.